பிழை எவருடையது? மலையக மாணவரும் ஆங்கில இலக்கணமும்

பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்து இடுகாட்டிலே, 1879இல் மறைந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை உண்டு. அங்கேயே அடக்கஞ்செய்யப்பட்டவர் அவர்தம் கணவர் சாள்ஸ் ஹே கமரன். 1833இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்கள் பெயர் தாங்கி நிற்பது இவரையே. இந்நாட்டில் ஆங்கிலக் கல்வி அரச ஆதரவு பெற வழிகோலியவை அவ்வாணைக்குழுவில் கோல்புறூக் செய்த விதப்புரைகள். ஆயின், அக்கல்லறையைச் சூழவுள்ள லயங்களின் பிள்ளைகளுக்கு அக்கல்வி எட்டவில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை எழுத்தும் எண்ணும் தமிழிற் கற்பிப்பதோடு நின்றன. ஆங்கிலம் துரையின் மொழியாயிற்று. பிரட்டுக்களத்தில் நின்றவனுக்கு அது கேட்டுப் பணியவேண்டிய ஓசையாக மட்டுமே இருந்தது.

இன்று அப்பாடசாலைகளிலும் ஆங்கிலம் ஒரு பாடம். எனினும், “தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறாது” என்னும் கூற்று ஆசிரியர் அறைகளில் மட்டுமன்றி, எமது பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் ஒலிக்கின்றது. இக்கூற்றை நாம் மறுக்கின்றோம். சிவப்பு மையால் அடிக்கப்படும் வாக்கியங்களை ஊன்றி நோக்குவோர்க்கு அவற்றுட் பல அறியாமையின் விளைவல்ல என்பது புலனாகும். அவை தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகக் கற்ற ஒருவன் செய்யக்கூடிய பிழைகள்.

சான்றுகள் சிலவற்றைக் காண்போம். “அவர் ஆசிரியர்” என்பது தமிழில் நிறைவான வாக்கியம். பெயரே பயனிலையாய் நிற்கின்றது. அதே நெறியில் மாணவன் “ஹீ டீச்சர்” என எழுதுகின்றான். ‘இஸ்’ என்னும் சொல்லை அவன் மறக்கவில்லை. அவனுடைய மொழியில் அதற்கு இடமே இல்லை.

“எனக்குத் தெரியும்”, “எனக்குப் பசிக்கிறது”, “எனக்குக் காய்ச்சல்” என்ற மூன்றிலும் நான்காம் வேற்றுமை வருகின்றது. ஆங்கிலமோ மூன்றிலும் ‘ஐ’ என்பதை எழுவாயாக்கி, பயனிலையை மூவகையாக அமைக்கின்றது. இவ்வேறுபாட்டை எவரும் எடுத்துரையாதபோது, மாணவன் “டு மீ பீவர்” என்று எழுதுவதில் வியப்பென்ன?

மேசையில் புத்தகம், பையில் பேனா, வாயிலில் காவலன் என்னும் இடங்களில் ‘இல்’ என்ற ஓர் உருபு போதும். ஆங்கிலத்தில் முறையே ‘ஒன்’, ‘இன்’, ‘அட்’ என மூன்று சொற்கள் வேண்டும். நாம் முன்னிலையில் எவரை நோக்கியும் “அல்லவா?” என்றே முடிப்போம், ஆங்கிலமோ வினைக்கும் எழுவாய்க்கும் ஏற்ப அவ்வினாவை மாற்றுகின்றது. அதனாலேயே எங்கும் “இஸின்ட் இட்” வந்து விழுகின்றது. விடைபெறும் பிள்ளை “ஐ வில் கோ அண்ட் கம்” என்றால் நகைப்போர் உளர். “போகிறேன்” என்று மட்டும் சொல்லிப் படலையைத் தாண்டலாகாது என்று அப்பிள்ளைக்குக் கற்பித்தவர்கள் பெற்றோர். “போய்வருகிறேன்” என்னும் பண்பாடே அங்கு ஆங்கில உடை பூண்டு நிற்கின்றது.

இது தமிழர்க்கே உரிய குறை என எண்ணுவோர் சீன மொழியாளரை நோக்குக. சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப வடிவம் மாறுவதில்லை; ஆதலால் அவர்கள் ஆங்கில வினையின் இறந்தகால ஈற்றை விட்டுவிடுவர். அவனும் அவளும் சீனப் பேச்சில் ஒரே ஒலியாதலால், ‘ஹீ’யும் ‘ஷீ’யும் அவர்களுக்கு மயங்கும். அவன், அவள் எனப் பகுத்துப் பேசும் எம் மாணவர்க்கு இம்மயக்கம் எளிதில் நேர்வதில்லை. ‘த’ என்னும் சுட்டுச்சொல்லை விடுவதிலோ இருவரும் ஒத்திருப்பர். ஏனெனில், அதற்கு நேரான சொல் இரு மொழியிலும் இல்லை. தாய்மொழி எங்கே வேறுபடுகின்றதோ அங்கே பிழையும் வேறுபடுகின்றது. பிழையின் ஊற்று அறிவின் குறைவன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பிழைகள் அனைத்தும் தாய்மொழியால் விளைவன என நாம் வாதிடவில்லை. ‘கோ’ என்பதன் இறந்தகாலத்தை ‘கோட்’ என்று கூறும் பிழையை ஆங்கிலக் குழந்தையும் செய்யும். றொபேட் லாடோ 1957இல் இரு மொழிகளை ஒப்பிட்டுக் கற்பிக்கும் நெறியை வற்புறுத்தினார். பிற் கோடர் 1967இல் மாணவரின் பிழை அவர் கற்கும் வழியைக் காட்டும் சான்று என நிறுவினார். இவ்விரு கருத்துகளும் ஒன்றையே வேண்டுகின்றன: பிழையை அடிக்குமுன் அதனைப் படித்தல்.

“ஆங்கில வகுப்பில் ஆங்கிலமே பேசப்படல் வேண்டும், தமிழ் நுழையின் பயிற்சி கெடும்” என்பர் சிலர். வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் கேட்கும் நகரப் பிள்ளைக்கு இது பொருந்தலாம். வாரத்திற் சில பாடவேளைகளில் மட்டும் அம்மொழியைக் கேட்கும் பிள்ளைக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் வழி ஒன்றே உண்டு. எழுவாய், பயனிலை, வேற்றுமை என்பவற்றை அவன் தமிழ்ப்பாடத்திற் கற்றிருக்கின்றான். அடுத்த பாடவேளையில் வரும் ஆங்கில ஆசிரியர் அவ்வறிவைத் தீண்டுவதில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான ஆங்கிலப் பாடநூலும் அதனை அறியாது.

இது வெறும் புள்ளிகள் பற்றிய வழக்கன்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிற்று. மருத்துவமும் பொறியியலும் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. உயர்தரத்தைத் தமிழிற் கற்றுத் தேறி இங்கு வந்த மலையக மாணவன், அறிவிருந்தும் முதல் விரிவுரையிலேயே ஊமையாகின்றான். மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார். துரையின் மொழி தொழிலாளியின் குரலாகவும் அமையலாம் என்பதை அவர் எழுத்து மெய்ப்பித்தது.

ஆதலால் இச்சங்கத்து மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊர் செல்லும்போது, உம் தம்பி தங்கையரின் ஆங்கிலக் கொப்பிகளைத் திறந்து பாருங்கள். அடிக்கப்பட்ட வாக்கியங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அதனைப் பிறப்பித்த தமிழ் வாக்கியத்தை எழுதுங்கள். நூறு கொப்பிகள் சேரின், மலையக ஆசிரியர் கையிற் கொடுக்கத்தக்க சிறு கைந்நூல் ஒன்று உருவாகிவிடும். அமைச்சின் அனுமதியோ வெளிநாட்டு நிதியோ இதற்குத் தேவையில்லை. அதனை ஆக்காதிருந்துவிட்டு, அப்பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறவில்லை எனக் கூறும் உரிமை எமக்கில்லை.