பத்தடி ஹோலும் ஐந்து ஸ்பீக்கரும்

 

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் தம்பிமார் லீவில் வரும்போது போர்வை, பால்மா, அத்தர் போத்தலோடு இப்போது ஒரு பெரிய பெட்டியும் சேர்ந்து வருகிறது. ஹோம் தியேட்டர் செற். ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி. வந்த அன்றே சுவரில் ஆணி ஏறும், வயர் ஓடும், இரவாகும்போது சத்தம் ஒழுங்கையைத் தாண்டும். உழைத்த காசு, ஆசைப்பட்டு வாங்கின சாமான். அதில் குறை சொல்ல எங்களுக்கு எதுவுமில்லை.

ஆனால் எங்கள் கருத்தை நேராகவே சொல்கிறோம். எங்கட ஹோல்களுக்கு ஐந்து ஸ்பீக்கர் தேவையில்லை. முன்னால் இரண்டை ஒழுங்காக வைத்தால் போதும். இளம் பிள்ளைகள் கோபிக்க வேண்டாம், காரணத்தை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வாங்கோ.

முதலில் ஹோலைப் பாருங்கள். 2012 ஒக்டோபரில் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டங்கட்டமாக. வீடு ஏறக்குறைய 550 சதுர அடி. அதற்குள் இரண்டு அறை, குசினி, ஹோல். மற்றத் திட்ட வீடுகளும் இதற்குக் கிட்டத்தட்டத்தான். ஹோல் என்று மிஞ்சுவது பத்தடிக்குப் பத்தடி, கூடினால் பன்னிரண்டு. அதிலும் வாசல் கதவு, இரண்டு அறைக் கதவு, குசினிக்குப் போகிற வழி. முழுதாய் ஒரு சுவர் கிடையாது. பிறகு கை கொஞ்சம் நிமிர்ந்ததும் விறாந்தையை அடைத்து ஹோலோடு சேர்த்தோம். இப்போது அது ஒரு பக்கம் நீண்டு, ஒரு மூலை வெட்டினதுபோல் நிற்கிறது. நிலம் சீமெந்து, சுவர் சீமெந்துக் கல். பல வீடுகளில் சீலிங் இல்லை. அறைச் சுவர் கூரை வரைக்கும் போகாது.

செற்றோடு வருகிற படம் இந்த ஹோலுக்கு வரைந்ததல்ல. அந்தப் படத்தின்படி முன் ஸ்பீக்கர் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து சுமார் 30 பாகை விலகியும், பக்க ஸ்பீக்கர்கள் எங்கள் காதுக்குச் சற்றுப் பின்னால், 110 பாகை அளவிலும் நிற்க வேண்டும். அதற்கு செற்றிக்குப் பின்னாலும் இரு பக்கமும் இடம் வேண்டும். எங்கட செற்றி சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆகவே பின் ஸ்பீக்கர் தலைக்கு மேல் தொங்கும், அல்லது ஒன்று அறைக்கதவுக்கு மேலும் மற்றது குசினி வழியிலும் போகும். காதுக்கு ஓரடியில் ஒன்று, ஒன்பதடியில் இன்னொன்று. அது சூழ்ந்து வருகிற ஒலி அல்ல. ஒரு காதில் கத்தல், மற்றக் காதில் முணுமுணுப்பு.

ஆகவே இரண்டு. எப்படி வைப்பது?

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் கதிரைக்கும் அவ்வளவு தூரம் வரட்டும். சமபக்க முக்கோணம். பிள்ளைகளிடம் கேட்டால் கீறிக் காட்டுவார்கள், காட்டாவிட்டால் எங்களிடம் அனுப்புங்கள். பத்தடி ஹோலில் ஆறடி இடைவெளி, ஆறடி தூரம் என்றால் சரியாக வரும். உயரம் இருக்கிறபோது காது நிற்கிற மட்டம், நிலத்திலிருந்து மூன்று, மூன்றரை அடி. கூரை வளைக்குக் கிட்ட ஆணி அடித்துத் தொங்கவிட்டால் பேச்சு ஓட்டில் பட்டு அடுத்த அறைக்குத்தான் போகும். மூலைக்குள் தள்ளாதீர்கள், பின் சுவரிலிருந்து ஓரடி விடுங்கள். சில பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஓட்டை இருக்கும், அதை அடைத்தால் குரல் மொத்தமாகிவிடும். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் குசினி வழியும் இருந்தால் சுவர்ப் பக்கம் கூடக் கேட்கும். ரிமோட்டில் பலன்ஸைச் சற்று மற்றப் பக்கம் நகர்த்துங்கள். சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு கறுப்பில். ஒன்று மாறினாலும் பேஸ் மெலிந்து, குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி இருக்கும். நிறையப் பேர் கடையைத் திட்டுவது இதற்காகத்தான்.

பேச்சு விளங்கவில்லை என்று உம்மாமார் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் இன்னும் விளங்காது. ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், 'டர்ர்' என்று நடுங்கும். வெறும் சுவர் இரண்டும் சத்தத்தைப் பந்தாக எறிந்து விளையாடுகின்றன. நிலத்தில் பாயோ கம்பளமோ விரித்து, யன்னலுக்குத் தடித்த சேலைத்துணித் திரை போட்டு, எதிர்ச்சுவரில் புத்தக அலுமாரி ஒன்றை வைத்தால் அரைவாசி அடங்கும். புத்தக அலுமாரி என்பதை வாத்திமார் சொல்லுகிற கதை என்று விட்டுவிடாதீர்கள்.

இனிப் பேஸ் பெட்டி. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கிற அறை பேஸுக்கு மோசமான அறை. பத்தடிச் சுவர்களுக்கிடையில் சுமார் 57 ஹேர்ட்ஸ் உள்ள தாழ்ந்த ஒலி நின்று வீங்கும். அகலமும் பத்தடி என்றால் அதே ஒலி இரண்டு மடங்காய் வீங்கும். அதுதான் எந்தப் பாட்டுக்கும் ஒரே 'தும்'. மூலையில் வைத்தால் இன்னும் கூடும். செய்யக்கூடியது ஒன்றுண்டு. பேஸ் பெட்டியை நீங்கள் இருக்கிற கதிரையில் தூக்கி வைத்துப் பாட்டைப் போடுங்கள். பிறகு முழங்காலில் சுவரோரமாக ஊர்ந்து போய், எந்த இடத்தில் பேஸ் இரைச்சல் இல்லாமல் நிதானமாகக் கேட்கிறது என்று பாருங்கள். பெட்டி அந்த இடத்துக்குப் போகட்டும். வீட்டார் சிரிப்பார்கள், பரவாயில்லை. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. ஆகவே ரீவிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டுமென்றில்லை.

ஆனால் உங்கள் ஹோலில் அடங்கின பேஸ் அடுத்த வீட்டில் அடங்காது. கீச்சுக் குரலைச் சுவர் மறிக்கும். தாழ்ந்த ஒலியை ஐந்தங்குலக் கல் மறிக்காது. பாட்டின் சொல் ஒன்றும் கேட்காமல் அந்த அதிர்வு மட்டும் வேலி தாண்டிப் போய் யன்னலை ஆட்டும்.

1990 ஒக்டோபரில் எங்களை வெளியேற்றிய பிறகு நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். 2009இல் இந்த மண்ணில் நடந்ததை நாங்கள் செய்தியில்தான் கேட்டோம். இன்று எங்களுக்கு அடுத்த காணியில் இருக்கிற அக்காமார், ஐயாமார் பங்கருக்குள் இருந்து கேட்டார்கள். சினிமாவில் ஒரு குண்டு வெடிப்புக்கு ஹோம் தியேட்டர் என்ன சத்தம் கொடுக்கும் என்று வாங்கினவருக்குத் தெரியும். அதே சத்தம் படம் இல்லாமல், இருட்டில், சுவர் வழியாக வந்தால் அந்த ஐயாவுக்கு அது என்ன? அவர் வந்து கதவைத் தட்டமாட்டார். திரும்பி வந்த எங்களோடு மனஸ்தாபம் வேண்டாமென்று பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமையைச் சம்மதம் என்று எடுப்பது சரியில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

சட்டமும் இருக்கிறது. வெலிகமப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தியது. அது வீட்டு செற்றைப் பற்றிய வழக்கல்ல. ஆனாலும் பள்ளிவாசலுக்கே நேரம் உண்டென்றால் எங்கட ஹோலுக்கு இல்லையா?

இஷாவுக்குப் பிறகு பேஸ் பெட்டியின் வயரைக் கழற்றி வையுங்கள். செற்றில் 'நைட் மோட்' என்றொன்று இருக்கும். அதைப் போட்டால் வெடிச்சத்தம் தணிந்து பேச்சு மேலே வரும். ஓ.எல். பிள்ளை இருக்கிற வீடு பக்கத்தில் இருந்தால் நவம்பர், டிசம்பர் என்று பாராமல் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வெளிநாட்டிலுள்ள தம்பிமாருக்கு: பெட்டியில் எழுதியிருக்கிற 'பி.எம்.பி.ஓ.' ஆயிரக்கணக்கான வொற்றை நம்பாதீர்கள். 'ஆர்.எம்.எஸ்.' எவ்வளவு என்று கேளுங்கள். ஹோலுக்கு ஐம்பதே தாராளம். ஐந்து சின்ன ஸ்பீக்கரின் காசுக்கு இரண்டு நல்லது வரும். வாங்கமுதல் வீட்டுக்கு ஒரு வொய்ஸ் போட்டு ஹோலின் நீளம், அகலம், கதவு எத்தனை, செற்றி எந்தச் சுவரில் என்று கேளுங்கள். அளக்கத் தெரியாவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள், பாடசாலை விட்டு வருகிற வழியில் அளவு நாடாவோடு வருகிறோம்.