யார், யாரை?

தன் பெயர் வினைச்சொல்லாக அகராதி ஏறுவதை உயிரோடிருக்கும்போதே பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கேப்டன் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட்டுக்கு வாய்த்தது. ஆனால் அவர் அதற்கு ஆசைப்பட்டிருக்க மாட்டார்.

அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் பாய்காட். 1880இல் குடியானவர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. ஏஜெண்டோ நிலத்தை விட்டு வெளியேற்றும் வேலையில் இறங்கினார். பிறர் வெளியேற்றப்பட்ட நிலத்தை எடுப்பவனோடு யாரும் பேச்சுவார்த்தை, கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஐரிஷ் தலைவர் பார்னெல் சொன்ன யோசனையை மக்கள் பாய்காட் மீதே பிரயோகித்தார்கள். கூலியாட்கள் வரவில்லை, வேலைக்காரர்கள் நின்றுகொண்டார்கள், கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏராளமான துருப்புகளும் போலீசாரும்! செலவு, விளைச்சலின் மதிப்பைப் போலப் பல மடங்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் பாய்காட் ஊரைக் காலி செய்தார். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பிரெஞ்சும் ஜெர்மனும் ரஷ்ய மொழியும் அந்தப் பெயரையே வினைச்சொல்லாக்கிக்கொண்டன. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து அந்நியத் துணியை மறுத்தவர்களுக்கும் அதுவே முழக்கமானது. இந்தியும் மராத்தியும் 'பஹிஷ்கார்' என்றன. தமிழ் முதலில் 'பகிஷ்காரம்', பிறகு 'புறக்கணிப்பு' என்றது.

சிக்கல் இங்கேதான். வெளியே தள்ளுவது என்ற பொருள் கொண்ட 'பஹிஷ்கார்' சாதிக் கட்டுப்பாட்டோடு பிறந்து வளர்ந்த சொல். அம்பேத்கர் 1927இல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பஹிஷ்கிருத் பாரத்', அதாவது தள்ளிவைக்கப்பட்ட இந்தியா. மேயோவில் பாய்காட் எளியவர்களின் ஆயுதம். ஒரு தலித் குடும்பத்துக்கு ஊரே கூடி வேலையும் தண்ணீரும் மளிகையும் மறுக்கும்போது அது வலியவர்களின் ஆயுதம். வினை ஒன்றுதான், பாயும் திசை வேறு. சட்டம் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சமூக, பொருளாதார பாய்காட்டைக் குற்றமாக்கியது. மகாராஷ்டிரம் 2016இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

பத்திரிகைத் தமிழ்தான் இன்னும் 'சமூகப் புறக்கணிப்பு' என்று எழுதிக்கொண்டிருக்கிறது. புறக்கணிப்பது என்றால் பொருட்படுத்தாமல் விடுவது. கல்யாணத்துக்கு அழைக்காததும் புறக்கணிப்புதான். குழாயில் குடம் வைக்க விடாததற்கும் அதே சொல்லா? கிராமத்து மக்களிடம் இதற்குச் சரியான சொல் எப்போதோ இருக்கிறது: ஊரை விட்டுத் தள்ளிவைப்பது, ஊர்விலக்கு.

தேர்தலைப் புறக்கணிக்கலாம், சட்டமன்றக் கூட்டத்தைப் புறக்கணிக்கலாம், குளிர்பானத்தைக்கூடப் புறக்கணிக்கலாம். அங்கெல்லாம் இழப்பை ஏற்பவர் புறக்கணிப்பவரும்தான். ஒரு குடும்பத்தை 'ஊர் தள்ளிவைத்தது' என்று எழுதினால், தள்ளிவைத்தவர்கள் யார் என்று வாசகர் கேட்பார். 'புறக்கணிப்புக்கு ஆளானது' என்று எழுதினால் அந்தக் கேள்வி எழாமலே செய்தி முடிந்துவிடும்.