தோலுக்கென்று ஒரு தோட்டா

வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய எழுத்தைக் கலப்பற்ற தொழில்நுட்ப எழுத்தாகக் கொண்டு வியக்கும் போக்கு ஒன்று நம் இலக்கிய நண்பர்களிடையே இருந்துவருகிறது. அண்மையில் ஒரு மாலைப் பேச்சின்போது அது மீண்டும் தலைதூக்கியது. அமெரிக்கக் காட்டுப்பூனை வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று விளக்கும் எழுத்துகளைப் படித்திருந்த நண்பர் ஒருவர், அவற்றின் துல்லியத்தில் மயங்கிப்போயிருந்தார். "ஒரு சொல் மிகையில்லை, ஒரு சொல் குறைவில்லை; நம் எழுத்தாளர்கள் இவர்களிடம் பாடம் கேட்கவேண்டும்" என்றார். கருவியைப் பற்றிய அறிவுக்கு அறமும் இல்லை மறமும் இல்லை, அது வெறும் அறிவு என்பது அவருடைய வாதம். அவையில் பலரும் தலையசைத்தார்கள். எங்களால் தலையசைக்க இயலவில்லை. அன்றைக்குச் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் விலங்கைச் சொல்லிவிடவேண்டும். அந்த எழுத்துகளில் அதற்குத்தான் இடம் மிகக் குறைவு. பாப்கேட் என்பது கனடாவின் தென்பகுதியிலிருந்து மெக்சிகோ வரை பரவியிருக்கும் குட்டைவால் காட்டுப்பூனை. எடை ஏறத்தாழ 6 கிலோவிலிருந்து 14 கிலோ வரை. முயலும் எலியும் அணிலும் அதன் வழக்கமான இரை. வாய்த்தால் மான்குட்டியையும் பிடிக்கும். மனிதன் இருக்கும் திசையைத் தவிர்த்து நடமாடும். பழந்தமிழ் 'வெருகு' என்று அழைத்த காட்டுப்பூனைக்கு இது தூரத்து உறவு. நம் வெருகாவது வீட்டுக்கோழியைக் கவர வேலியோரம் காத்திருந்ததாகச் சங்கப் பாடல்களில் பெயர்வாங்கியது. இது பல இடங்களில் அந்த அளவுக்குக்கூட மனிதனை நெருங்குவதில்லை.

இந்தச் சிறிய உடலுக்கு எத்தனை வகைத் தோட்டாக்கள்! மிகச் சிறியது, பள்ளிப் பிள்ளைகள் குறிபார்த்துப் பழகும் .22. அடுத்து 1959இல் வந்த .22 வின்செஸ்டர் மேக்னம். பிறகு 2002இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த .17 எச்.எம்.ஆர்.: ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள குண்டு, விநாடிக்கு ஏறக்குறைய 775 மீட்டர் வேகம். அதற்கும் மேலே .204 ரூகர், இராணுவத் துப்பாக்கித் தோட்டாவின் உடன்பிறப்பான .223 ரெமிங்டன், விநாடிக்கு 1,100 மீட்டர் அளவுக்குப் பாயும் .22-250. இவை ஒவ்வொன்றுக்கும் குண்டு வகைகள் வேறு: முனையில் குழிவுள்ளது, பிளாஸ்டிக் முனை பொருத்தியது, செப்புக் கவசம் முழுக்கப் போர்த்தியது. நண்பரை மயக்கிய துல்லியம் இதுதான். இந்தத் தகவல்கள் துல்லியமானவை என்பதில் ஐயமில்லை. எங்கள் கேள்வி எதை நோக்கிய துல்லியம் என்பது.

தேர்வின் உரைகல்லைப் பாருங்கள். காட்டெருமைக்கோ கரடிக்கோ துப்பாக்கி தேர்பவன், விலங்கு உடனே விழுமா, விழாவிட்டால் தன் கதி என்ன என்று கேட்கிறான். மானுக்குத் தேர்பவன், விரைவில் சாகுமா, இறைச்சி எவ்வளவு வீணாகும் என்று கேட்கிறான். பூனைக்குத் தேர்பவன் கேட்கும் தலையாய கேள்வி வேறு: தோலில் துளை எவ்வளவு பெரிதாக விழும்? 'ஃபர்ஃப்ரெண்ட்லி' என்று அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தோலுக்கு இணக்கமான தோட்டா! குண்டு எந்த உடலுக்குள் நுழைகிறதோ அந்த உடலுக்கு அது இணக்கமா என்ற பேச்சு இதற்குப் பிறகுதான். பல நேரங்களில் அந்தப் பேச்சே எழுவதில்லை.

இதற்கு இரு வழிகளைப் பரிந்துரைக்கிறார்கள். ஒன்று, மிக மெல்லிய, மிக விரைவான குண்டு: உள்ளே போய்ச் சிதறி உள்ளுறுப்புகளைக் கூழாக்கும், ஆனால் மறுபக்கம் வெளியேறாது. நுழைந்த துளை ஊசி குத்தியதுபோல் இருக்கும். நெஞ்சில் சரியாகப் பட்டால் விலங்கு அங்கேயே விழுந்துவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. தோள் எலும்பில் பட்டாலோ, அந்தக் குண்டு மேலேயே சிதறி ஆழமில்லாத அகன்ற புண்ணை உண்டாக்கும். பூனை அதோடு ஓடும். இரண்டாவது வழி, செப்புக் கவசம் முழுதும் மூடிய குண்டு. இது விரிவதில்லை, சிதறுவதில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். இரண்டு சிறு துளைகள், தையற்காரனுக்கு இரண்டு நிமிட வேலை. விலங்கோ பெரும்பாலும் உடனே சாவதில்லை. புதருக்குள்ளோ பாறை இடுக்குக்குள்ளோ நுழைந்து மெல்லச் சாகிறது.

இங்கே ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் போன்ற பெருவிலங்குகளை முழுக்கவசக் குண்டால் சுடுவது சட்டப்படி குற்றம். காரணம் வெளிப்படையானது: அது உடனே கொல்லாமல் காயப்படுத்தி ஓடவிடும். மானுக்குக் கொடுமை என்று விலக்கப்பட்ட அதே குண்டு, பூனைக்கு வரும்போது 'தோலுக்கு நல்லது' என்ற பாராட்டுடன் பரிந்துரைக்கப்படுகிறது. இயற்பியல் மாறவில்லை. விற்பனைக்குரிய பகுதி இறைச்சியிலிருந்து தோலுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. கருவியைப் பற்றிய அறிவு நடுநிலையானது என்று சொல்லும் நண்பர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டுக்கு மறுமொழி சொல்லிவிட்டு மேலே போகலாம்.

டம்டம் குண்டின் கதை நம்மவர்களுக்குத் தெரியும். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் உருவான, உடலுக்குள் போய் விரியும் குண்டு அது. 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் அன்று எதிர்த்தன. மனிதனைப் பொறுத்தவரை விரியாத குண்டே கருணை, ஏனென்றால் அவன் பிழைக்க வாய்ப்புண்டு. விலங்கைப் பொறுத்தவரை விரியும் குண்டே கருணை, ஏனென்றால் அதைப் பிழைக்கவிடும் எண்ணம் நமக்கில்லை. ஒரு செப்பு உறையின் தடிமனைப் பற்றிய முடிவுகூட, எதிரே நிற்பது யார், அதனிடம் நமக்கு என்ன வேண்டும் என்பதைச் சார்ந்தே எடுக்கப்படுகிறது. இதைக் காட்டிலும் அறம் சார்ந்த ஒரு தொழில்நுட்பத்தை எங்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

வேட்டையின் முறையையும் பார்க்கவேண்டும். தோட்டாவின் வேகம், தொலைவு, காற்றின் திருப்பம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் நாய்களை வைத்து வேட்டையாடும்போது பூனை மரத்தில் ஏறிக்கொள்கிறது. கீழே நாய்கள் குரைக்க, சில அடித் தொலைவிலிருந்து மனிதன் நிதானமாகச் சுடுகிறான். அங்கே எந்தக் காற்று, எந்தத் திருப்பம்? மற்றொரு முறை அழைப்பொலி. அடிபட்டுச் சாகும் முயலின் அலறலை ஊதுகுழலாலோ மின்கருவியாலோ எழுப்பிவிட்டு மறைந்து காத்திருப்பது. ஓநாய் ஜாதியான கொயோட்டே விரைந்து ஓடிவரும். பூனை அப்படி வருவதில்லை. அரைமணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். நாலடி நடக்கும், உட்காரும், கேட்கும், மறுபடி நடக்கும். இந்தப் பொறுமையை வேட்டையாடுபவர்களே வியந்து எழுதுகிறார்கள். அந்த வரிகளில் அவர்கள் உண்மையான எழுத்தாளர்களாகவும் ஆகிவிடுகிறார்கள் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். அடுத்த பத்தியிலேயே மறுபடி வயிற்றுப்பகுதியின் வெண்மயிர் வந்துவிடுகிறது. கரும்புள்ளிகள் தெளிந்த அந்த வெண்மையே தோலின் விலையை முடிவுசெய்வது. ஆகவே குண்டு அங்கே படலாகாது.

சொற்களுக்கு வருவோம், இது எங்கள் தொழில் சார்ந்த வழக்கு. அங்கே பூனையைக் கொன்றேன் என்று சொல்வோர் குறைவு. 'அறுவடை' செய்தேன் என்பார்கள். அரசுத் துறைகளின் ஆண்டறிக்கைகளிலும் அதே சொல்தான். விதைக்காதவன் செய்யும் அறுவடை! சட்டம் அந்த விலங்குக்கு வைத்திருக்கும் வகைப்பெயர் 'ஃபர்பேரர்', அதாவது மயிர்ப்போர்வை சுமப்பது. மாட்டைப் 'பால் சுமப்பது' என்றும் மரத்தைப் 'பலகை சுமப்பது' என்றும் அழைத்தால் எப்படியிருக்கும்? தன் தோலையே யாருக்காகவோ சுமந்து திரியும் கூலியாக ஓர் உயிரைப் பெயரிட்டுவிட்ட பிறகு, சுமையை இறக்கிக்கொள்வது இயல்பான செயலாகிவிடுகிறது. நண்பர் வியந்த 'மிகையில்லாத சொல்' இந்தப் பெயரிடலின் மேல்தான் நிற்கிறது. சொல் மிகையாவதை விமர்சிக்கக் கற்ற நாம், சொல் ஒன்றை மறைப்பதையும் காணக் கற்றிருக்கவேண்டாமா?

எதிர்வாதங்கள் இருக்கின்றன. அவற்றில் சில வலுவானவை. பாப்கேட் அழியும் இனமன்று. 1981இல் அமெரிக்காவில் அதன் எண்ணிக்கை ஏழேகால் இலட்சத்துக்கும் பத்து இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்று கணக்கிட்டார்கள். 2010இல் வெளியான மதிப்பீடு 23 இலட்சத்திலிருந்து 35 இலட்சம் வரை சொல்கிறது. வேட்டை உரிமத்தின் வருவாயில்தான் அங்கே வனவிலங்குத் துறைகள் பெரிதும் இயங்குகின்றன என்பதும் உண்மை. எனவே 'இனம் அழிகிறது' என்ற கூக்குரலை நாங்கள் எழுப்பவில்லை; அவ்வாறு எழுப்புவோர் தங்கள் தரப்பையே வலுவிழக்கச் செய்கிறார்கள். 2024 நவம்பரில் கொலராடோ மாநிலத்தில் மலைச்சிங்கம், பாப்கேட், லின்க்ஸ் வேட்டையைத் தடைசெய்யும் முன்மொழிவு மக்கள் வாக்குக்கு வந்தபோது ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் அதை நிராகரித்தார்கள். கலிபோர்னியாவோ 2015இல் பாப்கேட்டைப் பொறிவைத்துப் பிடிப்பதையும், 2019இல் சட்டம் இயற்றி அதன் வேட்டையையும் நிறுத்தியது. அந்த மக்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும் வழக்கு இது. கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு தீர்ப்பெழுதும் உரிமை எங்களுக்கு இல்லை.

ஆனால் எண்ணிக்கை போதுமானது என்பது, ஒன்று எப்படிச் சாகிறது என்ற கேள்விக்கு விடையாகாது. 'மரபு' என்பதும் அப்படியே. இந்தத் தோல் வணிகம் பெரிதாகப் பெருத்தது எந்தப் பழங்குடி மரபினாலும் அன்று. 1960களில் சிறுத்தைத்தோல் மேலங்கி நாகரிகமாயிற்று. 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தம் சிறுத்தை, ஓசிலாட் போன்றவற்றின் தோல் வணிகத்தை இறுக்கியது. புள்ளித்தோலுக்குப் பழகிய சந்தை, இன்னும் தடைசெய்யப்படாத புள்ளித்தோலைத் தேடியது. பாப்கேட்டின் தலைவிதி அவ்வாறு எழுதப்பட்டது. 1977இல் அதுவும் அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதை நீக்கக்கோரி அமெரிக்கா வைத்த வேண்டுகோள் 2010இல் தோஹாவிலும் தோற்றது. உரித்த தோலைப் பார்த்து இது பாப்கேட், இது அரிதான வேறொரு பூனை என்று பிரித்தறிவது எளிதன்று என்பதே காரணம். உயிரோடு நிற்கையிலேயே குழப்பம் உண்டு: 2000ஆம் ஆண்டு முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற கனடா லின்க்ஸ், அந்திவெளிச்சத்தில் தொலைநோக்கிக்குள் பாப்கேட்டாகத் தெரியலாம். இந்தத் தவறைத் தவிர்க்க எந்தத் தோட்டாவும் உதவாது.

ஜிம் கார்பெட்டைத் துணைக்கழைத்தார் ஒரு நண்பர். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லியை வீழ்த்தியதற்காக அவருக்குப் பரிசாக வந்த .275 ரிக்பி துப்பாக்கியைப் பற்றி நாமெல்லாம் ஆவலோடு படிக்கவில்லையா என்று கேட்டார். படித்தோம். தருமபுரி, சேலம் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரையும் அதே ஆவலோடு தெரிந்துகொண்டோம். அந்தப் பக்கங்களில் துப்பாக்கி ஏன் வருகிறது என்று யோசித்துப் பார்க்கட்டும். புல் அறுக்கப்போன பெண் திரும்பிவருவாளா என்பது அந்தத் தோட்டாவைச் சார்ந்திருந்தது. காயம்பட்ட விலங்கைத் தேடி மறுநாள் புதருக்குள் நுழையவேண்டிய கடமையும், அந்த நுழைவின் அச்சமும் அங்கே எழுதப்பட்டிருந்தன. பூனையைத் தேடி யாரும் அஞ்சி நுழைவதில்லை. நுழைந்தால் தோல் நட்டமாகாமலிருக்கவே நுழைகிறார்கள்.

நண்பர் அந்த எழுத்துகளை இன்னமும் முன்மாதிரி என்றே சொல்லிவருகிறார். அவருக்கு ஒரு வேண்டுகோள். அவர் வியந்த பட்டியலில் குண்டின் எடை இருக்கிறது, வேகம் இருக்கிறது, நூறு கஜத்தில் எத்தனை அங்குலம் தாழும் என்பது இருக்கிறது, துளையின் அகலமும் இருக்கிறது. குண்டு பட்டதற்கும் பூனை இறந்ததற்கும் இடையே எத்தனை நிமிடம் என்ற கட்டம் எங்காவது இருக்குமானால் எங்களுக்குக் காட்டட்டும். இந்த மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.