கிடங்கைத் திறக்காத தணிக்கை

கூட்டுறவுத் துறையில் 33 வருஷம் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிருமி ஆயுதத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கிருமியைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும்.

குலை நோய் நம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. இலையில் கண் மாதிரி புள்ளி விழும். நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. மார்கழிப் பனியில் கதிர்க் கழுத்தைப் பிடித்துவிட்டால் அத்தனையும் சாவி. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1913இல். 1919இல் பெரும் கொள்ளையாக வந்தது நம் தஞ்சாவூர் டெல்டாவில்தான். என் அப்பா காலத்தில் ஒரு சம்பா முழுக்கச் சாவியாகி, அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. திரும்பி வரவே இல்லை.

இதே பூஞ்சாணத்தை அமெரிக்கா ஆயுதமாக வளர்த்தது என்று படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. அரிசி சாப்பிடும் எதிரி நாடுகளைப் பட்டினி போட வேண்டுமாம். 1960களில் ஒகினாவா தீவில் சோதித்தார்கள். ஏறத்தாழ ஒரு டன் வித்துகளைச் சேர்த்தும் வைத்திருந்தார்கள். 1969 நவம்பரில் அதிபர் நிக்சன் கிருமி ஆயுதங்களைக் கைவிடுவதாக அறிவித்த பிறகுதான் அழித்தார்கள்.

கிருமி ஆயுதத் தடை ஒப்பந்தம் 1972இல் உருவாகி, 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. பயிரை அழிக்கும் கிருமியும் அந்தத் தடைக்குள் அடக்கம். ஆனால் யார் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்க ஆளில்லை. ரசாயன ஆயுதத்துக்கு ஹேக் நகரில் தனி அமைப்பும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நம் நாடே தன்னிடம் இருந்ததை 1997இல் ஒப்புக்கொண்டு, 2009இல் அழித்து முடித்தது. கிருமிக்கோ, நாடுகள் தாமே எழுதி அனுப்பும் வருஷாந்திர அறிக்கை மட்டும்தான். பல நாடுகள் அதையும் அனுப்புவதில்லை.

விளைவைப் பாருங்கள். சோவியத் யூனியன் கையெழுத்துப் போட்டுவிட்டு ரகசியமாகக் கிருமி வளர்த்தது. 1979இல் ஸ்வெர்த்லாவ்ஸ்க் ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்று சாதித்தார்கள். 1992இல்தான் யெல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார்.

எனக்கு ஒரு சங்கம் நினைவுக்கு வருகிறது. உர இருப்புப் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கிடங்கில் முன்வரிசையை நகர்த்தச் சொன்னேன். பின்னால் இருந்த மூட்டைகளில் எல்லாம் உமி!

கிருமி மூட்டையல்லவே, எப்படி எண்ணுவது என்பார்கள். நியாயமான கேள்விதான். நோயைத் தாங்கும் நெல் ரகம் வேண்டுமென்றால் ஆராய்ச்சி நிலையத்தில் குலை நோய்ப் பூஞ்சாணத்தை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இன்று ஒரு குப்பியில் இருப்பது நாளைக்கு நூறு குப்பியாகும். 2001இல் சோதனை முறைக்கான வரைவை அமெரிக்கா நிராகரித்தபோது, இதனால் திருடன் அகப்பட மாட்டான், கம்பெனி ரகசியம்தான் வெளியே போகும் என்றது.

நான் அதை ஏற்கவில்லை. அரிசி ஆலைத் தணிக்கையில் அரவைக் கணக்கோடு கரண்ட் பில்லையும் கேட்டு வாங்குவேன். நெல்லை மறைக்கலாம், மீட்டரை மறைக்க முடியாது. இங்கேயும் குப்பியை எண்ண வேண்டாம். கிருமி வளர்க்கும் கொப்பரை எவ்வளவு பெரிது, பணம் எங்கிருந்து வருகிறது, ஆராய்ச்சி முடிவு வெளியே வருகிறதா, ராணுவத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால் போதும். ஒரு கணக்கைப் பொய்யாக எழுதலாம். நாலு கணக்கும் ஒத்துப்போகிற மாதிரி பொய் எழுதுவது கஷ்டம்.

சட்டப்படி கட்டுப்படுத்தும் சோதனை முறை வேண்டும் என்று இந்தியா ஜெனீவாவில் சொல்லி வருகிறது. 2022இல் இதற்கென ஒரு பணிக்குழுவும் அமைந்தது. பேச்சு நடக்கட்டும். அதற்குள் நாமே நம் கதவைத் திறந்து காட்டலாமே? பிரான்சும் ஜெர்மனியும் பிற நாட்டு நிபுணர்களை அழைத்துக் காட்டியிருக்கின்றன. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாம் மறைக்க என்ன இருக்கிறது?

என்றைக்காவது ஒரு சம்பா சாவியாகி, இது பனியின் வேலையா பகைவனின் வேலையா என்று ஊரில் பேச்சு எழுந்தால், போய்ப் பார்த்துச் சொல்ல எல்லோரும் நம்பும் ஒருவர் வேண்டும். இன்றைக்கு அப்படி ஒருவர் இல்லை.