ஒளிக்கு அப்பாலும் விஷம்

கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கே பூச்சிமருந்தின் எச்சத்தையும் அழித்துவிடும், ஆகவே நீர்நிலையில் எது கலந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை என்று வாதிக்கும் அன்பர், இரண்டு வேறு காரியங்களை ஒன்றாக எண்ணிவிட்டார். நுண்ணுயிரின் மரபுப் பொருளைச் சிதைக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் கதிரே பொதுவாகப் போதுமென்றாலும், நெதர்லாந்தில் ஐஸல் ஏரி நீரைச் சுத்திகரிக்கும் ஆன்டைக் நிலையத்தில், களைக்கொல்லிகளைத் தகர்ப்பதற்காக 2004-இல் நிறுவப்பட்ட அமைப்பு அதைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட கதிரைப் பாய்ச்சியதோடு, லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலந்து, அது கதிரால் பிளவுபடும்போது தோன்றும் ஹைட்ராக்சில் என்னும் உக்கிரமான துகளின் துணையையும் நாடியது. எஞ்சிய பெராக்சைடை நீக்கக் கரிப்படுகையும் தேவைப்பட்டது.

அளவு போதுமானதாயினும் சந்தேகம் தீர்வதில்லை. 254 நானோமீட்டர் கதிர் அட்ரஸின் என்னும் களைக்கொல்லியிலிருந்து முதலில் பறிப்பது குளோரின் அணுவையே. அதன் ட்ரையஸின் வளையம் குலையாமல் நிற்கிறது. பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தின் விஷயம் இன்னும் விபரீதமானது: கந்தகம் இருந்த ஸ்தானத்தில் ஆக்ஸிஜன் வந்தமர்ந்தால், நரம்பு மண்டலத்தைத் தாக்குவதில் மூலப்பொருளையே விஞ்சும் பாரக்ஸான் உற்பத்தியாகிறது. பாரத்தியானை மட்டும் தேடுகிற சோதனை அந்நீரைச் சுத்தமென்றே சொல்லும். நஞ்சு குழந்தையின் கிண்ணத்துக்குப் போய்ச் சேரும்!

இம்முறையை நான் நிராகரிக்கவில்லை; உரிய சக்தியும் காவலும் இருந்தால் அது அரிய சாதனமே. எவ்வளவு கதிர், எத்தனை தெளிந்த நீர், என்ன மிச்சம் என்ற மூன்றையும் சொல்லாமல், வயலில் தாராளமாகத் தெளிப்பதற்கு அதை அனுமதிச் சீட்டாகக் காட்டுவதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.