சுடுகாடு கடமை, விளையாட்டுத் திடல் விருப்பமா?



மே தினத்தன்று நாம் முழங்கும் கோஷத்தில் மூன்று பங்கு உண்டு. எட்டு மணி நேரம் வேலை. எட்டு மணி நேரம் உறக்கம். மீதி எட்டு மணி நேரம் ஆட, பாட, படிக்க, மனிதனாக வாழ. முதல் பங்குக்காக 1886இல் சிகாகோத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். இரண்டாவது பங்கை உடம்பே அடித்துக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது பங்கைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் பேசுவதில்லை.

ஆனால் முதலாளிகளுக்கு அதன் மீது எப்போதும் ஒரு கண் உண்டு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேற்றினார்கள். வேலை நாளைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழி திறப்பதே அதன் சாரம். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அதை வாபஸ் பெறுவதாக முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. அந்தக் கூடுதல் நான்கு மணி நேரத்தை எங்கிருந்து வெட்டியிருப்பார்கள்? இந்த மூன்றாவது பங்கிலிருந்துதான்!

சரி, போராடிக் காப்பாற்றிய அந்த நேரத்தை நாம் எங்கே கழிப்பது? ஆலையை விட்டு வந்த தொழிலாளிக்கும், களத்துமேட்டிலிருந்து திரும்பிய விவசாயக் கூலிக்கும் ஊரில் இருக்கும் இடங்கள் என்ன? டீக்கடை பெஞ்சு, சாராயக் கடை, கையடக்கப் போன். வாலிபர்கள் நான்கு பேர் சேர்ந்து சடுகுடு ஆடவோ, வாலிபால் வலை கட்டவோ, மழை நாளில் ஒரு கேரம் போர்டு போட்டு உட்காரவோ இடம் கேட்டால் பஞ்சாயத்தில் என்ன பதில் வருகிறது? “அதற்கெல்லாம் நிதி இல்லை.”

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 110ஆவது பிரிவு கிராமப் பஞ்சாயத்தின் கடமைகளைச் சொல்கிறது: சாலை, தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர், சுடுகாடு, இடுகாடு. அடுத்த 111ஆவது பிரிவு, பஞ்சாயத்து விரும்பினால் செய்யலாம் என்ற காரியங்களைச் சொல்கிறது. விளையாட்டுத் திடல், பூங்கா, விளையாட்டுக் கழகம், உடற்பயிற்சி நிலையம், வாசகசாலை எல்லாம் இந்த இரண்டாவது ஜாபிதாவில்தான். ஆக, செத்த பின் படுக்க இடம் கொடுப்பது கடமை. உயிரோடு இருக்கையில் ஓடியாட இடம் கொடுப்பது விருப்பம்!

(அதே ஜாபிதாவில் ரேடியோப் பெட்டியும் இருக்கிறது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கேட்ட காலத்தின் மிச்சம் அது. ரேடியோ போய்விட்டது. அதனிடத்தில் என்ன வந்தது?)

அரசியல் சட்டத்திலும் இதே ஓரவஞ்சனைதான். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் பூங்கா, விளையாட்டு மைதானம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. கிராமங்களுக்கான பதினொன்றாவது அட்டவணையில் 29 விஷயங்கள் உண்டு. நூலகம் உண்டு, கலாசார நடவடிக்கை உண்டு. விளையாட்டு என்ற சொல் கிடையாது. வயலில் குனிந்து நிமிர்வதே அவனுக்குத் தேகப்பயிற்சி என்று நினைத்துவிட்டார்கள் போலும்!

“சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா?” என்று கேட்கலாம். செய்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2006 முதல் 2011 வரை நடந்த கிராம மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகக் கட்டடமும் விளையாட்டு மையமும் அமைத்தார்கள். அடுத்து வந்த ஆட்சி பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் கட்டியது. 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கி, பஞ்சாயத்துகளுக்கு 33 வகை விளையாட்டுப் பொருட்கள் அடங்கிய தொகுப்பு வழங்கும் திட்டம் வந்தது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் ஒவ்வொன்றும் கோட்டையிலிருந்து இறங்கி வருகிறது, ஒரு தலைவரின் பெயரோடு வருகிறது, ஆட்சி மாறியதும் அனாதையாகிறது. வலை கிழிந்தால் தைக்க யார் பணம் கொடுப்பது? கூடத்தின் சாவி யார் கையில்? திட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. பந்தை ஒரு முறை கொடுத்துவிடலாம். கழகம் நடப்பதற்கு வருஷா வருஷம் சிறு தொகை வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது ஊரிலேயே இருக்கிற பஞ்சாயத்து.

அந்தப் பஞ்சாயத்தாவது நிலையாக இருக்கிறதா? 2016 அக்டோபருக்குப் பின் மூன்று வருஷத்துக்கு மேல் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தே கிடையாது. 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் அவர்கள் பதவிக்காலமும் முடிந்து, நிர்வாகம் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. உத்தியோகஸ்தரிடம் போய் கேரம் போர்டு கேட்டுப் பாருங்கள்!

பஞ்சாயத்து கைவிட்ட கழகம் என்ன ஆகிறது? இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பொங்கல் போட்டிக்குக் கோப்பை வேண்டும், பனியன் வேண்டும், பந்தல் வேண்டும். யார் வீட்டுக்குப் போகிறார்கள் பையன்கள்? கந்துவட்டிக்காரன், மணல் காண்ட்ராக்டர், சாதிச் சங்கத் தலைவன் வீட்டுக்கு. அவன் தாராளமாகக் கொடுக்கிறான். பனியனில் அவன் படம். தேர்தல் வந்தால் அந்தப் பனியன் போட்டவர்கள் அவன் பின்னால் போக வேண்டும். கூலித் தகராறு வந்தால் அவன் பக்கம் நிற்க வேண்டும். சில இடங்களில் அணியே சாதியின் பெயரில் எழும்புகிறது. சடுகுடு கோடு சேரிக்கும் ஊருக்கும் நடுவே விழுகிறது. இந்தக் கழகங்களை அவன் கையில் விட்டுவிட்டு, வாலிபர்கள் சங்கத்துக்கு வரவில்லையே என்று நாம் மாரடிப்பதில் என்ன பிரயோஜனம்?

“கூலி உயர்வுக்கே வழியைக் காணோம், இப்போது பந்தாட்டமா?” என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்த மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னை ஆட்டோத் தொழிலாளியின் மகள். 2025இல் பஹ்ரைனில் இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கார்த்திகா, நகரை விட்டு ஏழைகளைப் பெயர்த்துக் குடியேற்றிய கண்ணகி நகர்ப் பெண். வென்று வந்த பின் பரிசும் பாராட்டும் கிடைக்கின்றன. வெல்லாத ஆயிரம் பேர்? அவர்கள் தங்கம் கேட்கவில்லை. சாயங்காலம் ஆட ஒரு சமதளம் கேட்கிறார்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். நூற்பாலை விடுதிகளில் அடைபட்ட இளம் பெண்கள் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டவே அனுமதி கேட்டு நிற்கிறார்கள். ஊரிலுள்ள திடலோ ஆண்கள் சொத்தாகிவிட்டது. பஞ்சாயத்துப் பணம் வாங்கும் கழகம், பெண்களுக்கும் சேரித் தோழர்களுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் தரவேண்டும் என்று நிபந்தனை போட்டால், போடுகிற இடம் பஞ்சாயத்தாக இருந்தால், யாரும் தட்ட முடியாது. காண்ட்ராக்டரின் பணத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது.

பணம் எங்கே? புதிய வரி வேண்டாம். அது நம் தலையில்தான் விடியும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பின், சினிமா டிக்கெட்டின் கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்குரியது. நம் கேளிக்கைக்கு நாம் கொடுத்த வரி அது. அதிலொரு பங்கு நம் கேளிக்கைக்கே திரும்பட்டும். வீட்டு வரியோடு நூலக வரி வசூலித்து நூலகத்துக்கென்றே ஒதுக்கும் முறை 1948 நூலகச் சட்டத்திலிருந்தே இருக்கிறதே! ஒதுக்கீடு செய்யத் தெரியாத நாடல்ல இது. அண்டைக் கேரளத்தில் 2000ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் பஞ்சாயத்து அளவிலும் விளையாட்டுக் கவுன்சில் அமைக்க வழி செய்திருக்கிறது. இங்கே 111ஆவது பிரிவிலிருந்து இரண்டு வரியைத் தூக்கி 110இல் வைப்பதற்கு என்ன தடை?

சட்டம் திருந்தும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு; மே 1ஆம் தேதியும் அது கூடியாக வேண்டும். திடல் என்று சொல்லும் நிலத்தின் சர்வே நம்பரைக் கேளுங்கள். விளையாட்டுத் திடல் என்று கணக்கில் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் அங்கே வேலி முளைத்துவிடும். அங்கே விளக்குப் போடச் சொல்லுங்கள். பொழுது சாய்ந்து கரையேறுகிறவனுக்கு வெளிச்சமில்லாத திடல் இருந்தும் இல்லாததே. தெருவிளக்கு 110ஆவது பிரிவின் கடமை, மறுக்க முடியாது. தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போட வேண்டாம்.