ஓடத் தெரிந்தது குற்றமா?
அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் நின்று நிதானித்துப் பந்தை எறிய வேண்டும், ஓடுகிறவன் தொழில்முறை ஆட்டத்தில் தேற மாட்டான் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கின் புண்ணியத்தில்தான் 2018 வீரர் தேர்வில் லமார் ஜாக்சன் 32ஆவது ஆளாக பால்டிமோர் ரேவன்ஸுக்குக் கிடைத்தார். நான்கு குவாட்டர்பேக்குகள் அவருக்கு முன்பே விலைபோயிருந்தார்கள். மறு ஆண்டே 1,206 கஜம் ஓடினார். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லிலேயே அதிகமாக 36 டச்டவுன் பாஸ்களும் எறிந்தார். ஓடிவிடுவாரோ என்று தடுப்பாளர் அரை நொடி தயங்கினால் போதும், அவர் முதுகுக்குப் பின்னால் பாஸுக்கு வழி திறந்துவிடும். காயம்? ஓடி ஆடிய குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினின் முழங்காலில் பட்ட காயம் உண்மையான எச்சரிக்கைதான். ஆனால் அடிபட்ட காலோடு அவரைத் தொடர்ந்து ஆடவிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஜாக்சன் என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலைத் தொடவில்லையே என்பார்கள். ஓட்டத்துக்குப் பெயர்போன இன்னொரு குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 2025 பிப்ரவரியில் அதை வென்றார், ஆட்ட நாயகனாகவும்.